சின்ன நேரங்களில் கர்த்தருடைய பராமரிப்பு: வெளிநாட்டில் குழந்தைகள் ஊழியத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்குக் குழந்தைகள் ஊழியத்துக்குக் கிளம்புகிறவரை வழியனுப்பும்போது சபையில் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "கர்த்தர் பெரிய காரியம் செய்வார்." சொல்வதில் தப்பில்லை. ஆனால் போய் இறங்கி நாலைந்து நாள் ஆனதும் பெரிய காரியம் எதையும் காணோமே என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குள் சிறியதாக வந்தவை எல்லாம் கவனிக்கப்படாமலே கடந்து போயிருக்கும். காய்ச்சலில் படுத்திருந்தபோது யாரோ கதவருகே தண்ணீர் வைத்துவிட்டுப் போனது, பாட்டு மறந்து முழித்தபோது பின்வரிசைப் பெண் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது, வண்டி ஒரு மணி நேரம் தாமதமானதால் ஓட்டுநரோடு உட்கார்ந்து பேச முடிந்தது. இவை யாருடைய சாட்சியிலும் வருவதில்லை.

அவற்றைக் கவனிக்கப் பழகுவது எப்படி என்று, கிளம்புவதற்கு முன்னிருந்து திரும்பி வந்த பிறகுவரை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளியூரில் உங்கள் தேவை சந்திக்கப்படும்போது, பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அங்கே இருக்கிறவர்கள் வழியாகத்தான் சந்திக்கப்படும். சமைப்பவர், காவலாளி, ஆசிரியை, சில நேரம் ஏழு வயதுப் பிள்ளை. அவர்களைப் பார்க்கத் தெரியாதவர் கண்ணுக்குக் கர்த்தருடைய பராமரிப்பும் தட்டுப்படாது.

கிளம்பும் முன்: விசுவாசத்தின் தலையில் கட்டிவிடக் கூடாத வேலைகள்

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கியத்தை விசா விண்ணப்பத்துக்கும் தடுப்பூசிக்கும் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்று சாத்தான் சொன்னபோது அவன் காட்டியது சங்கீத வசனத்தைத்தான். இயேசு குதிக்கவில்லை. நம் கையால் முடிகிற வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் நெருக்கடியில் அற்புதத்தை எதிர்பார்ப்பது அந்தக் குதிப்போடுதான் சேரும். அதோடு, நீங்கள் ஆயத்தமில்லாமல் போனால் உங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அங்குள்ளவர்கள் தலையில் விழும். குழந்தைகளுக்குப் போக வேண்டிய நேரம் உங்களுக்குப் போகும்.

முதல் வேலை, எங்கே போகிறோம் என்று விசாரிப்பது. இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். குறுகியகாலத்துக்குப் போகிறவர் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பணமும் தொண்டர்களும் வந்துகொண்டே இருந்தால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதைவிட விடுதியை நிரப்பி வைப்பது சிலருக்கு லாபமாகிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானம், காப்பகங்களில் நடக்கும் தொண்டர் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று, விடுதிகளில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. குடும்பங்களில் வளரப் போன பிள்ளைகள், அதிலும் சீக்கிரம் போனவர்கள், விடுதியிலேயே விடப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது போகாமல் நிற்கும் ஒரு முகம். வாரம் ஒரு புது முகமாக நாம் போய் நின்றால் அதற்கு நேர் எதிரானதைத்தான் கொடுக்கிறோம்.

அப்படியானால் எங்கே போகலாம்? பிள்ளைகள் மாலையில் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடங்களுக்கு. பள்ளி, பள்ளி முடிந்தபின் நடக்கும் படிப்பு மையம், விடுமுறை வேதாகமப் பள்ளி, விளையாட்டு முகாம், உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அழைக்கும் அமைப்பிடம் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா? நான் தனியாகப் பிள்ளைகளோடு விடப்படுவேனா? எனக்கு மேற்பார்வை யார்? இந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவரே சம்பளத்துக்குச் செய்ய முடியாதா? நான் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்? உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் பரிந்துரைக் கடிதமும் கேட்காத அமைப்பு, உங்களுக்கு முன் வந்தவரிடமும் கேட்டிருக்காது. அதை யோசித்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏற்கெனவே போய்வந்தவர் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். பயணத் தடுப்பூசி பற்றி மருத்துவரை நாலிலிருந்து ஆறு வாரம் முன்பே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமான நாடு என்றால், அந்தச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் செல்லும். தட்டம்மை ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உங்களுக்காக மட்டும் அல்ல, பிள்ளைகளுக்காகவும். மருத்துவக் காப்பீடு எடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் குறைவு வரும். அப்போது வருவதைப் பராமரிப்பு என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

பையில் ஒரு சின்ன நோட்டு

கவனிப்பது தானாக வராது, அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே நாள் முடிவில் அந்த நாளை நன்றியோடு திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையைத் தன் சீடர்களுக்குப் பழக்கினார். நம் சபைகளில் அது அதிகம் பழக்கமில்லை, எடுத்துக்கொள்வதில் நஷ்டமும் இல்லை. நான் புதியவர்களுக்குச் சொல்வது அதைவிட எளிது. இரவு படுக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். இன்று எது குறைந்தது? எது வந்தது? யார் வழியாக வந்தது?

ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "பந்து கிழிந்தது. பழைய துணியைச் சுருட்டிக் கயிறு சுற்றிப் பந்தாக்கிவிட்டார்கள். காவலாளி." இன்னொரு நாள்: "இரவெல்லாம் தூக்கமில்லை. காலை வகுப்பு தள்ளிப்போனது. யார் என்று தெரியவில்லை." தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம். ஆனால் மூன்றாவது வரியில் 'கர்த்தர்' என்று போட்டுவிட்டு நோட்டை மூடக் கூடாது. அவர்தான் என்பது ஏற்கெனவே தெரிந்தது. யாருடைய கையை எடுத்துக்கொண்டார் என்பதைத்தான் எழுத வேண்டும். இந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் நோட்டு முழுக்க உங்களைப் பற்றிய கதையாகிவிடும்.

எழுதி வைப்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக வந்த மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு அன்றன்றைக்குச் சேர்க்கச் சொன்னார்கள். நாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது. ஆனால் அதே அதிகாரத்தின் கடைசியில், ஒரு ஓமர் மன்னாவைக் கலசத்தில் போட்டுத் தலைமுறைகளுக்காகக் கர்த்தருடைய சந்நிதியில் வைக்கச் சொல்கிறார் மோசே. தின்பதற்குப் பதுக்கியது கெட்டது, நினைப்பதற்கு வைத்தது நின்றது. உங்கள் நோட்டு அந்தக் கலசத்தின் வேலையைச் செய்யட்டும்.

ஜார்ஜ் முல்லரையும் இங்கே சொல்ல வேண்டும். பிரஷ்யாவில் 1805-ல் பிறந்து இங்கிலாந்துக்கு வந்தவர். பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்காக முதல் இல்லத்தைத் திறந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்று வைத்திருந்தார். அவரைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்லும்போது இந்தப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுபாதி, அவர் வைத்த கணக்கு. வந்த காசு சிறியதோ பெரியதோ, பொருளாக வந்ததோ, எல்லாவற்றையும் பதிந்து ஆண்டுதோறும் அறிக்கையாக அச்சிட்டார். கையில் ஒன்றுமில்லாத நாட்களையும் மறைக்காமல் எழுதினார். 1898-ல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்து போயிருந்தார்கள். இன்று பிள்ளைகளைக் காக்கப் பெரிய இல்லங்கள் கட்டுவதை யாரும் சிபாரிசு செய்வதில்லை, காலம் மாறிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு நோட்டின் ஒழுங்கு இன்றும் நமக்குப் பாடம்.

முதல் சில நாள்: கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

இறங்கியதும் வேலை காட்டத் துடிப்பு வரும். அடக்குங்கள். அங்கே ஏற்கெனவே நடக்கும் நாளின் ஒழுங்கைப் பாருங்கள். எந்தப் பிள்ளை யாரிடம் போய் அழுகிறது, எந்த ஆசிரியை குரல் உயர்த்தாமலே வகுப்பை அடக்குகிறார், பென்சில் டப்பா எங்கே இருக்கும், யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது. பெயர்களைப் படியுங்கள். பிள்ளைகள் பெயரை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கூட்டிப் பெருக்குகிறவர் பெயரையும் படியுங்கள்.

மொழியில் ஒரு இருபது சொல் போதும் தொடங்க. வா, உட்கார், நன்றி, இன்னொரு முறை, வலிக்கிறதா, மெதுவாக, போதும். இவற்றைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தப்பாக உச்சரிக்கும்போது அவர்கள் சிரிப்பார்கள், திருத்துவார்கள், ஒரு ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் ஆசிரியராக இருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய மொழி கிடைக்கிறது, அவர்களுக்குப் பெரியவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த பெருமை கிடைக்கிறது. அன்று இரவு நோட்டில் எழுத முதல் வரவு இதுவாகவே இருக்கலாம்.

எங்கே பார்ப்பது

எலியா தீர்க்கதரிசியின் கதையை ஊழியக்காரர்கள் கர்மேல் மலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர் அதற்கு முந்தைய அதிகாரத்திலிருந்து படிக்க வேண்டும். 1 இராஜாக்கள் 17. கேரீத் ஆற்றோரம் காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. கொஞ்ச நாளில் ஆறு வற்றிப்போனது. அப்புறம் எலியா அனுப்பப்பட்ட இடம் சீதோனுக்கு அடுத்த சாறிபாத்; அந்நிய நாடு, அந்நிய ஜனம். அங்கே அவரைப் போஷிக்கும்படி கட்டளையிடப்பட்டவள் யார்? பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்துக்கொண்டு, தானும் மகனும் கடைசியாக ஒருவேளை சாப்பிட இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்த விதவை. தீர்க்கதரிசி போய் அவளுக்கு உணவு கொடுத்ததாகக் கதை தொடங்கவில்லை. அவள் அவருக்குக் கொடுத்தாள். அந்தக் கொடுப்பில் இருந்துதான் வீட்டார் எல்லாருக்கும் உண்டானது.

வெளிநாட்டில் நீங்கள் இருக்கும் இடமும் இதுதான். கொடுக்கப் போனோம் என்ற எண்ணம் இருக்கிறவரை வாங்கிக்கொள்ள கை நீளாது. உங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர் எதையாவது நீட்டும்போது 'வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது பணிவு போலத் தெரியும். பல நேரம் அது அவரை மதிக்காததுதான். சின்னதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். பெரியதாகவோ பணமாகவோ இருந்தால் பொறுப்பாளரைக் கேளுங்கள்.

நான் இருந்த ஓர் இடத்தில் கதை நேரத்துக்கு மொழிபெயர்ப்பவர் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தாயிற்று. கையில் காணாமற்போன ஆட்டின் கதைக்கான படங்கள். தெரிந்த மொழியோ வணக்கமும் நன்றியும்தான். முதல் படத்தைத் தூக்கிக் காட்டி ஆடு மாதிரி கத்தினேன். சிரித்தார்கள். இரண்டாவது படத்துக்குக் கத்த ஒன்றும் இல்லை. சமையலறைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கரண்டி இன்னும் ஒரு கையில் இருந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து ஏதோ ஒரு வரி சொன்னார், மொத்த வகுப்பும் நிமிர்ந்தது. அப்புறம் அவர் சொல்லச் சொல்ல அந்தக் கரண்டியே மேய்ப்பனின் கோலாகிவிட்டது. ஆடு பள்ளத்தில் விழுந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். முன்வரிசைக் குட்டிப் பையன் தன் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டான். எனக்கு மிச்சமிருந்த வேலை படத்தை உயரத் தூக்கிப் பிடிப்பது. அதிலும் நாலாவதும் ஐந்தாவதும் மாறியிருக்கிறது என்று ஒரு பெண் எழுந்து வந்து மாற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த அம்மா பல வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அதாவது அன்றைக்கு வேண்டியது நான் வருவதற்கு முன்பே அங்கே வைக்கப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால் அதைப் பார்க்கும் வாய்ப்பே வந்திருக்காது. மறுநாளிலிருந்து கதையை அவர் சொன்னார், நாங்கள் படங்களைத் தூக்கிப் பிடித்தோம்.

இப்படிப்பட்டவை பெரும்பாலும் திட்டம் நின்றுபோன இடைவெளிகளில்தான் கண்ணில் படுகின்றன. மின்சாரம் போன அரைமணி, மழைக்கு ஒதுங்கிய திண்ணை, வரிசையில் காத்திருக்கும் நேரம். அந்த நேரங்களில் கைபேசியை எடுக்காமல் இருந்து பாருங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதுதான் செலவில்லாதது, கஷ்டமானதும் இதுதான்.

ஓர் எச்சரிக்கை: எல்லாவற்றையும் உங்களுக்கான செய்தியாகப் படிக்காதீர்கள்

வீட்டு ஞாபகத்தில் மனது கனத்துக் கிடக்கும் நாளில் ஒரு சின்னப் பையன் வந்து காலை நீட்டுவான். செருப்பு வாரைக் கட்டச் சொல்கிறான். கட்டிவிடுவீர்கள். நாலு அடி போய்க் குனிந்து, தானே அவிழ்த்துக்கொண்டு மறுபடி வந்து காலை நீட்டுவான். மூன்றாவது தடவை உங்களுக்குக் கண் கலங்கும், கர்த்தர் ஆறுதல் அனுப்பினார் என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள். ஆனால் கூடவே ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும் உடனே ஒட்டிக்கொள்ளும், மடியில் ஏறும், விடமாட்டேன் என்னும் குழந்தை, பல கைகள் மாறி வளர்ந்த குழந்தையாக இருக்கலாம். அந்த ஒட்டுதல் உங்கள் மேல் வந்த அன்பு என்பதைவிட, அந்தப் பிள்ளைக்கு இருக்கும் குறைவின் அடையாளமாக இருக்கக் கூடும். உங்கள் ஆறுதலுக்காக அந்தக் குறைவைப் பெரிதாக்கிவிடக் கூடாது. செருப்பு வாரைக் கட்டுங்கள், அப்புறம் அவனைத் தினமும் பார்க்கிற ஆசிரியை பக்கம் கொண்டுபோய் விளையாட்டில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. விமானத்தில் நல்ல இருக்கை கிடைத்தது, அறைக்கு வெந்நீர் வந்தது, இணையம் வேலை செய்தது என்று உங்கள் வசதிகளை அற்புதக் கணக்கில் சேர்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காலணியே இல்லை என்பதையும் பாருங்கள். அதே தேவன் எனக்கு வெந்நீர் கொடுத்தார், அவனுக்குக் காலணி கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். நன்றி சொல்லுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

ஒன்றும் வராத நாள்

வரும். வயிற்றுப்போக்கில் படுத்திருப்பீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பையில் இருந்தால் நல்லது. கூட வந்தவரோடு மனஸ்தாபம் வரும், சொல்லப்போனால் பிள்ளைகளைவிடச் சக தொண்டர்கள்தான் அதிகம் சோதிப்பார்கள். ஜெபித்த பிள்ளைக்கு உடம்பு சரியாகாது. அன்றைய நோட்டில் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் வெறுமையாக விடுங்கள். இட்டு நிரப்பாதீர்கள்.

சாறிபாத் விதவையின் பானை காலியாகவில்லை, சரி. ஆனால் அந்த அதிகாரம் அங்கே முடியவில்லை. மாவும் எண்ணெயும் குறையாமல் இருந்த அதே வீட்டில் அவள் மகன் வியாதிப்பட்டு இறந்துபோகிறான். அவள் எலியாவிடம் கோபமாகவே கேட்கிறாள். எலியா விளக்கம் சொல்லவில்லை; பிள்ளையை வாங்கித் தன் மேல்வீட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கர்த்தரிடம் அவரும் முறையிட்டார். துக்கத்தில் இருக்கும் தாயிடம் வசனத்தை நீட்டும் முன் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

வெறுமையான நாட்கள் தொடர்ந்தால், யாரிடமாவது சொல்லுங்கள். ஊரில் ஜெபிக்கிறவர்களுக்கு ஜெபக் குறிப்பு அனுப்பும்போது 'எல்லாம் நன்றாகப் போகிறது' என்று எழுதிப் பழகிவிட்டால், கஷ்டம் வரும்போது கேட்க வாய் வராது.

நீங்களே யாருக்கோ வந்த பதிலாக இருக்கலாம்

அங்குள்ள ஆசிரியையும் ஏதோ ஒன்றுக்காக ஜெபித்திருப்பார். பெரும்பாலும் அவர் கேட்டது பொம்மலாட்டக்காரரை இருக்காது. கப் கழுவ இரண்டு கை, நூறு பென்சில் சீவ ஒரு ஆள், அவர் பத்து நிமிடம் உட்கார வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர். 'என்ன செய்யட்டும்?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்பார். 'இந்தப் பென்சிலை எல்லாம் சீவிவிடவா?' என்று கேளுங்கள்.

பரிசுகளைத் தனித்தனிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மற்ற முகங்களைப் பார்க்க வேண்டிவரும்; பெற்றோரால் வாங்கித்தர முடியாததை நீங்கள் கொடுத்துவிட்டுப் போனால் வீட்டில் அவர்கள் சிறுமைப்படுவார்கள். கொண்டுபோனதைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், அவர் கையால் போகட்டும்.

பாதுகாப்பு விதிகள் ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று இயேசு சொன்னதைவிடக் கடுமையாக எந்த விதியும் எழுதப்படவில்லை. பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் பார்வையில் இருங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, உடை மாற்றுவது உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் வேலை. தொடுதல் பிள்ளை தொடங்குவதாக, எல்லாரும் பார்க்கும் இடத்தில், சுருக்கமாக இருக்கட்டும். அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளோடு சமூக வலைத்தளத்தில் நட்பு வேண்டாம்.

ஒரு பிள்ளை தனக்கு யாரோ தீங்கு செய்ததாகச் சொன்னால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அமைதியாகக் கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது விசாரிக்கப் பயிற்சி உள்ளவர்கள் வேலை. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போதே சொல்லுங்கள். சொன்னது நல்லது, உன் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொறுப்பாளர் மேலேயே புகார் என்றால் உங்களை அனுப்பிய அமைப்பிடம் போங்கள். இது உங்கள் மூன்று வரி நோட்டில் வரவே கூடாது, ஜெபக் குறிப்பிலும் கூடாது.

விடைபெறுவது

போகும் நாளைப் பிள்ளைகளுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் திடீரென்று அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு 'இன்னும் இத்தனை கதை நேரம் இருக்கிறது' என்று எண்ணிக் காட்டலாம். 'சீக்கிரம் வருவேன்' என்று சொல்லாதீர்கள். அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார், டோனாவூரில் பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்து 1951-ல் அங்கேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அப்படித் தங்குகிறவர்தான் தங்குவேன் என்று சொல்லலாம். நாம் போகிறவர்கள். போகிறவர் போகிறேன் என்று நேராகச் சொல்வதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு மரியாதை. அழுகைக் காட்சி வேண்டாம். வழக்கமான விளையாட்டு, வழக்கமான பாட்டு, ஒரு கையசைப்பு.

நீங்கள் செய்துகொண்டிருந்த வேலை என்னென்ன, எது பாதியில் நிற்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம்வரை வாசிக்க வந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள்.

திரும்பி வந்து சாட்சி சொல்லும்போது

சபையில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். நோட்டை எடுத்துப்போங்கள். யோவான் 6-ஆம் அதிகாரத்தில் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனுக்குப் பெயர் எழுதப்படவில்லை. அவனுடைய வறுமையோ குடும்பக் கதையோ எழுதப்படவில்லை. இத்தனை நூற்றாண்டாக அவன் கொடுத்ததைச் சொல்கிறோம், பெயர் இல்லாததால் எதுவும் குறையவில்லை. நீங்களும் பிள்ளைகளின் பெயர், முகம், துயரக் கதை எதுவும் இல்லாமல் சொல்லலாம். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகி இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்வேனா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. 'நாங்கள் போய் வகுப்பு நடத்தினோம்' என்பதற்குப் பதில், சமையலறையிலிருந்து வந்து கதை சொன்ன அம்மாவைப் பற்றிச் சொன்னால், சபை யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சபைக்குத் தெரியும்.

அப்புறம் நோட்டின் மூன்றாவது வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். காவலாளி, ஓட்டுநர், ஆசிரியை, கதவருகே தண்ணீர் வைத்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள், என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லி. அவர்கள் அதைப் பெரிதாக நினைத்திருக்கவே மாட்டார்கள். அமைப்புக்குப் பணம் அனுப்ப மனம் வந்தால், உணர்ச்சி வேகத்தில் பெரிய தொகையைச் சொல்ல வேண்டாம். ஓர் ஆண்டு முழுக்கத் தவறாமல் அனுப்ப முடிகிறதைச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் வரும் என்றும் சொல்லுங்கள். அவர்கள் அதை வைத்து ஓர் ஆசிரியையின் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.